பவர் பத்திரம்: நினைவு தப்பிய பிறகு செல்லுமா? யார், எதற்கு, எந்த அளவுக்கு எழுதலாம்?

திண்ணை_73
பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் இப்போது அதிகம் அடிபடும் பேச்சு பவர், அதாவது நமக்காக இன்னொருவர் வேலை பார்க்க எழுதிக்கொடுக்கும் அதிகாரப் பத்திரம். "முன்கூட்டியே ஒரு பவர் எழுதி வைத்துவிட்டால், நாளைக்குப் படுத்த படுக்கையாகிவிட்டாலும் பிள்ளைகள் பேங்க், வீடு, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார்கள்" என்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களிலும் இதே அறிவுரைதான். தமிழ்நாட்டில் இது எந்த அளவுக்கு உண்மை? எழுதுவதானால் எப்படி எழுத வேண்டும், எங்கே சிக்கும்? தொழில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "நல்ல வக்கீலைப் பாருங்கள்" என்ற ஒற்றை வரிப் பதில் வேண்டாம்.

கறுப்புக்கோட்டு
முதலில் அந்த வீடியோ விஷயத்தை முடித்துவிடுவோம். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும், எழுதிக்கொடுத்தவருக்கு நினைவு தப்பிய பிறகும் செல்லக்கூடிய தனி வகைப் பவர் உண்டு. இந்தியாவில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே பவர் என்பது 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்லும் முகவர் உறவு; அதிகாரம் வாங்கிக்கொண்டு கொடுத்தவருக்காகச் செயல்படுகிறவர்தான் முகவர். அதன் 201-வது பிரிவுப்படி, கொடுத்தவரோ முகவரோ இறந்தாலும், இருவரில் ஒருவருக்குச் சித்தம் பிசகினாலும், முகவர் அதிகாரம் அத்தோடு முடிந்தது. கோமா, முற்றிய டிமென்ஷியா, பேச்சும் புரிதலும் போய்விட்ட பக்கவாதம் எல்லாம் இதில் அடங்கும். பத்திரத்தில் "எனக்குச் சுயநினைவு இல்லாமல் போனாலும் இது தொடரும்" என்று எழுதினாலும் சட்டத்தை அந்த வரி மாற்றாது.

எதற்காக எழுதுகிறோமோ அந்த வேளையில்தான் அது செத்துப்போகிறது. இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் பவர் மிகப் பயனுள்ள பத்திரம். தெரியாமல் எழுதி பீரோவில் வைத்தால் வெறும் காகிதம்.

மேடவாக்கம்_ரவுண்டானா
அப்படியானால் எதற்கு சார் எழுத வேண்டும்? உயில் ஒன்று போதுமே.

கறுப்புக்கோட்டு
உயில் செத்த பிறகு பேசும். பவர் உயிரோடு, தெளிவோடு இருக்கும்போது பேசும். இடையில் இருக்கும் காலம் சின்னதா? இடுப்பெலும்பு முறிந்து மூன்று மாதம் எழுந்திருக்க முடியாதவர், டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் போகிறவர், கண் மங்கியவர், பிள்ளை வீட்டில் தங்க வெளிநாடு போனவர், எல்லோருக்கும் புத்தி தெளிவாகத்தான் இருக்கும். வாடகை வாங்குவது, வீட்டு வரி, மின் இணைப்புப் பெயர் மாற்றம், பட்டா மாறுதல் மனு, கோர்ட் வழக்கு, நிலத்தை விற்பது எல்லாவற்றுக்கும் ஆள் நேரில் போக வேண்டும். அங்கேதான் பவர்.

இன்னொன்று, பவர் எழுதும் நேரத்தில் தெளிவு இருந்தால் போதும். ஒப்பந்தச் சட்டம் 12-வது பிரிவு, அவ்வப்போது தெளிவாக இருப்பவர் அந்தத் தெளிவான நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம் என்கிறது. மறதி ஆரம்பநிலையில் இருக்கும் ஒருவர் இன்றைக்கு எழுதலாம். ஆறு மாதம் கழித்து முடியாமல் போகலாம். வயதானவர் என்றால் அதே நாளில் ஒரு மருத்துவரிடம் "சுயநினைவோடும் புரிதலோடும் இருக்கிறார்" என்று சான்று வாங்கிப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். பின்னால் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போனால் முதலில் தேடப்படும் காகிதம் அதுதான்.

பத்திர_எழுத்தர்
எழுதும் விதம் பற்றி நான் சொல்கிறேன். பாதிப் பவர் வீணாவது வாசகத்தில்தான்.

கோர்ட் பவரை மிக இறுக்கமாகப் படிக்கும். என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அதிகாரம். "மேற்படி சொத்தை நிர்வகிக்கவும், வாடகை வசூலிக்கவும், ரசீது கொடுக்கவும், மற்றும் தேவையான சகல காரியங்களையும் செய்யவும்" என்று இருந்தால், கடைசியில் வரும் "சகல காரியங்கள்" விற்பதற்கு அதிகாரம் ஆகாது. முன்னால் சொன்ன வேலைகளை முடிக்கத் தேவையானவை மட்டும்தான் அதற்குள் வரும். விற்க அதிகாரம் கொடுத்தால் அடமானம் வைக்கவும் அதிகாரம் என்று ஆகாது. தானமாக எழுதிக்கொடுக்க அறவே ஆகாது. விற்க மட்டும் எழுதிவிட்டு, "கிரயத் தொகையைப் பெற்று ரசீது கொடுக்க" என்பதை விட்டுவிட்டால், வாங்குகிறவரின் பேங்க் லோன் செக்கை யார் பெயரில் போடுவது என்று கடைசி நேரத்தில் தகராறு வரும்.

ஆகவே தனித்தனி வரியாக, எண் போட்டு எழுத வேண்டும்: கிரய ஒப்பந்தம் போட, முன்பணம் வாங்க, கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட, சார்பதிவாளர் முன் தாக்கல் செய்து பதிவு முடிக்க, தொகை பெற, சுவாதீனம் ஒப்படைக்க. எது வேண்டாமோ அதையும் எழுதுங்கள்: "அடமானம் வைக்கவோ, தானம் கொடுக்கவோ, தன் பெயருக்கே கிரயம் செய்துகொள்ளவோ அதிகாரம் இல்லை." பணம் எந்த வங்கிக் கணக்குக்கு வர வேண்டும் என்று கணக்கு எண்ணோடு குறிப்பிட்டால் இன்னும் நல்லது.

சொத்து விவரத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு, பட்டா எண், விஸ்தீரணம், நான்கு பக்கச் செக்குபந்தி (எல்லைகள்) எல்லாம் மூலப்பத்திரத்தில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும். புதுப் பட்டாவில் உட்பிரிவு மாறியிருந்தால் பழையதையும் புதியதையும் சேர்த்து எழுதுங்கள். 45/2A என்பது 45/2A1 ஆகிப்போயிருந்து பவரில் பழைய எண் மட்டும் இருந்தால், கிரயம் அன்றைக்குப் பதிவுக்கு வாங்கிய டோக்கன் வீண். பவர் கொடுத்தவர் துபாயில் இருப்பார், திருத்தல் பத்திரத்திலும் அவரேதான் கையெழுத்துப் போட வேண்டும்.

ஒரே ஒரு வேலைக்கு என்றால் தனி அதிகாரம் போதும். பொது அதிகாரம் என்று மலையளவு எழுதுவது இங்கே ஒரு பழக்கமாகிவிட்டது, தேவையில்லை. முடிவுத் தேதியும் போடுங்கள்.

மேடவாக்கம்_ரவுண்டானா
20 ரூபாய் பத்திரத்தில் எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கினால் போதும் என்கிறார்களே?

பத்திர_எழுத்தர்
வாடகை வசூலிக்க, மின்வாரிய அலுவலகத்தில் மனு கொடுக்க, சில அலுவலக வேலைகளுக்கு நோட்டரி பவரை ஏற்பார்கள். நிலம் வீடு விற்பதற்குப் போதாது. தமிழ்நாட்டில் பதிவுச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தப்படி, 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்து தொடர்பான பவரைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அது 1-ம் புத்தகத்தில் (அசையாச் சொத்துப் பதிவேட்டில்) ஏறுவதால் வில்லங்கச் சான்றிலும் தெரியும். பவர் கொடுத்ததும் ரத்து செய்ததும் வில்லங்கத்தில் தெரிவது வாங்குகிறவருக்குப் பெரிய பாதுகாப்பு.

படுக்கையில் இருப்பவர் அலுவலகத்துக்கு வர முடியாவிட்டால் சார்பதிவாளரே வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ வந்து பதிவு செய்யச் சட்டத்தில் வழி உண்டு. மருத்துவச் சான்றோடு மனுவும், அதற்கான கட்டணமும் கட்ட வேண்டும். கை நடுங்கினால் இடது கைப் பெருவிரல் ரேகை போதும். "படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டு ரேகை வைத்தார்" என்ற குறிப்பு இருக்கட்டும். சார்பதிவாளர் நேரடியாகக் கேள்வி கேட்பார்: பெயர் என்ன, யாருக்கு எழுதிக்கொடுக்கிறீர்கள், எதற்கு. பதில் வரவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். அவர் செய்வது சரிதான்.

கணக்குப்பிள்ளை
செலவு யாரும் சொல்லவில்லை. 2023 ஜூலை 10 முதல், குடும்பத்தில் இல்லாத ஒருவருக்கு விற்பனை அதிகாரத்தோடு பவர் கொடுத்தால் பதிவுக் கட்டணம் சொத்தின் சந்தை மதிப்பில் 1 சதவீதம். அதற்கு முன் 10,000 ரூபாய்தான். 60 லட்சம் மதிப்புள்ள மனை என்றால் கட்டணம் மட்டும் 60,000. பின்னால் கிரயம் நடக்கும்போது முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் தனியாக உண்டு. குடும்பத்துக்குள் என்றால் சிறிய, நிலையான தொகையோடு முடிந்துவிடும்.

"குடும்பம்" என்பது சட்டம் வரையறுத்த குடும்பம். சித்தப்பா மகனை நாம் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முத்திரைச் சட்டத்துக்கு அவர் அண்ணன் இல்லை. இதில் ஏமாந்து, கவுன்ட்டரில் நின்று பணத்துக்கு அலைவது அடிக்கடி நடக்கும். எழுதுவதற்கு முன்பே பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

கறுப்புக்கோட்டு
அந்த 1 சதவீதம் வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. கிரயப் பத்திரம் போடாமல் பவரையே விற்பனை மாதிரி கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 2011 அக்டோபரில் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம், பவர், ஒப்பந்தம், உயில் என்று சேர்த்து எழுதிக் கொடுப்பதால் உரிமை மாறாது என்று சொல்லிவிட்டது. "பவர் மேல் மனை" என்று யாராவது விலை பேசினால் உரிமை இன்னும் பழைய சொந்தக்காரரிடம்தான் இருக்கிறது என்று அர்த்தம். அவர் இறந்தால் வாரிசுகள் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மறுத்தாலும் கோர்ட்தான்.

"ரத்து செய்ய முடியாத பவர்" என்று தலைப்பில் போட்டால் அப்படி ஆகிவிடாது. அந்தச் சொத்தில் முகவருக்கே உண்மையான உரிமை இருந்தால்தான், உதாரணமாகக் கடனுக்கு ஈடாக விற்றுப் பணம் எடுத்துக்கொள்ள எழுதிக்கொடுத்திருந்தால்தான், 202-வது பிரிவு காப்பாற்றும்.

சிங்கை_நிழல்
சிங்கப்பூர் பக்கம் ஒரு குறிப்பு. இங்கே மனத்திறன் சட்டத்தின் கீழ் நீடித்த அதிகாரப் பத்திரம் உண்டு. 21 வயது ஆனவர் எழுதலாம், நினைவு தப்பிய பிறகுதான் அது உயிர் பெறும், கறுப்புக்கோட்டு சொன்னதற்கு நேர் எதிர். அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ, வழக்கறிஞரோ, மனநல மருத்துவரோ பேசிப் பார்த்துச் சான்றளிப்பார், பிறகு பொதுக் காப்பாளர் அலுவலகத்தில் பதிவாகும். எழுதாமல் விட்டால் குடும்பத்தார் நீதிமன்றத்தில் மனுப் போட்டுப் பொறுப்பாளராக நியமனம் பெற வேண்டும்.

ஆனால் இங்குள்ள தமிழர்கள் செய்யும் தப்பு ஒன்று: அதையே வைத்துக்கொண்டு தஞ்சாவூரில் இருக்கும் நிலத்தையும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது. முடியாது. தமிழ்நாட்டுச் சொத்துக்குத் தமிழ்நாட்டு வாசகத்தில் தனிப் பவர் எழுத வேண்டும்.

பத்திர_எழுத்தர்
ஆமாம், அந்த வரிசையையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் இருப்பவர் இங்கே வாசகத்தைத் தயார்செய்து அனுப்பச் சொல்ல வேண்டும். இந்தியத் தூதரகத்தில், சிங்கப்பூர் என்றால் ஹைகமிஷனில், அதிகாரி முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, புகைப்படம், பாஸ்போர்ட் நகல், இரண்டு சாட்சிகள். உள்ளூர் நோட்டரி சான்றும் சட்டப்படி ஏற்கத்தக்கதுதான், ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேள்வி குறைவாக வருவது தூதரக முத்திரைக்குத்தான்.

பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வந்து சேர்ந்த கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். எந்தத் தேதியில் வந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

வங்கி_கவுன்ட்டர்_4
வங்கிப் பக்கத்துக்கு வருகிறேன். பொதுப் பவரைக் கொண்டுவந்து நீட்டினால் உடனே கணக்கை இயக்க விடமாட்டோம். எங்கள் சட்டப் பிரிவினர் படித்துப் பார்த்து, முகவரின் கேஒய்சி (அடையாள, முகவரி ஆவணங்கள்) வாங்கி, மாதிரிக் கையெழுத்து ஏற்றிய பிறகுதான். செக் எழுத, எஃப்டி (நிரந்தர வைப்பு) போட, முன்கூட்டி முடிக்க, லாக்கர் திறக்க என்று தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 27-வது பிரிவு, வியாபாரம் நடத்தவும் கடன் வசூலிக்கவும் கொடுத்த பொது அதிகாரத்தில் உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் மாற்றுச்சீட்டை, ஏற்கும், மேலெழுதி மாற்றித்தரும் அதிகாரம் அடங்காது என்கிறது. ஆகவே "வங்கி வேலைகள்" என்ற ஒற்றைச் சொல்லை நம்பாதீர்கள். நாமினியை மாற்றவும் முகவரால் முடியாது.

என்ஆர்இ கணக்கில் (வெளிநாடு வாழ் இந்தியர் வெளிநாட்டு வருமானத்தைப் போடும் கணக்கில்) இங்குள்ள முகவர் உள்ளூர்ச் செலவுக்குப் பணம் எடுக்கலாம், கணக்குக்காரருக்கே வெளிநாட்டுக்கு அனுப்பலாம். அவர் சார்பில் யாருக்கும் அன்பளிப்பாகக் கொடுக்க முடியாது.

பவரே இல்லாமல் முடியும் விஷயமும் உண்டு. உடம்பு முடியாத கணக்குக்காரருக்காக ரிசர்வ் வங்கியே வழி வைத்திருக்கிறது: கையெழுத்து முடியாவிட்டால் கைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை, வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் முன்னிலையில், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி. ஊழியர் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வார். பாதிப் பேருக்கு இது தெரியாததால் பவர் பத்திரத்துக்கு ஓடுகிறார்கள்.

நினைவு தப்பினால் பவரும் போச்சு, கணக்கை இன்னொருவர் இயக்க வங்கிக்கு எழுதிக்கொடுக்கும் மேண்டேட் கடிதமும் போச்சு. நிற்பது கூட்டுக் கணக்கு மட்டும்தான். "இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்" என்ற முறையில் இருக்கட்டும். இதில் ஒரு முள் உண்டு: அந்த முறையில் போட்ட எஃப்டியை முதிர்வு நாளில் ஒருவர் கையெழுத்தில் வாங்கலாம், முதிர்வுக்கு முன் உடைக்க இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். ஐசியூ பில் கட்ட எஃப்டியை உடைக்க வந்தால் இன்னொருவர் ஐசியூவில் மயங்கிக் கிடப்பார். எல்லாப் பணத்தையும் ஐந்து வருட எஃப்டியில் போடாமல், இரண்டு மூன்று மாத ஆஸ்பத்திரிச் செலவுக்கான தொகை கூட்டு சேமிப்புக் கணக்கிலேயே இருக்கட்டும். நாமினி போட்டிருக்கிறேனே என்பார்கள். 2025 நவம்பர் முதல் நான்கு நாமினி வரை போடலாம். அத்தனை பேரும் இறப்புக்குப் பிறகுதான் வருவார்கள்.

திண்ணை_73
கூட்டுக் கணக்கும் இல்லை, வீடும் அவர் பெயரில், ஆள் கோமாவில். அப்போது?

கறுப்புக்கோட்டு
உயர் நீதிமன்றம்தான். 1987-ம் ஆண்டு மனநலச் சட்டத்தில் சொத்துக்குக் காப்பாளர் நியமிக்க ஒரு அத்தியாயம் இருந்தது. 2017-ல் வந்த புதுச் சட்டம் அதை எடுத்துக்கொண்டு வரவில்லை. கோமாவில் இருப்பவருக்கென்று நேர் சட்டம் இல்லாமல் போனது. 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் ஷோபா கோபாலகிருஷ்ணன் வழக்கில் நடைமுறை வகுத்தது: மருத்துவக் குழு பார்க்க வேண்டும், வருவாய் அதிகாரி விசாரிக்க வேண்டும், காப்பாளர் அவ்வப்போது கணக்குக் காட்ட வேண்டும். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு அதைப் பின்பற்றி, கோமாவில் இருந்த கணவருக்கு மனைவியைக் காப்பாளராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்து, 50 லட்சம் ரூபாயை அவர் பெயரிலேயே எஃப்டி போடச் சொன்னது. தனி நீதிபதி முதலில் சிவில் கோர்ட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார். மேல்முறையீடு வரை போய்த்தான் கிடைத்தது. மாதங்களும் வக்கீல் செலவும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு என் கருத்தில் சரியான வழி குடும்ப அறக்கட்டளை. பதிவு செய்த பத்திரத்தில் சொத்தை அறக்கட்டளைக்கு மாற்றி, முதல் அறங்காவலராக அவரே இருந்து, "இரண்டு மருத்துவர்கள் சான்றளித்தால் அடுத்தவர் பொறுப்பேற்பார்" என்று எழுதலாம். அது முகவர் உறவு இல்லை, அதனால் 201-வது பிரிவு தொடாது. சொத்து மாறுவதற்கு முத்திரைத் தீர்வை உண்டு என்பதால் ஒரே ஒரு ஃபிளாட் வைத்திருப்பவருக்கு இது தலைவலி.

வார்டு_ரவுண்ட்ஸ்
மருத்துவ முடிவுகளுக்குப் பவர் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வென்டிலேட்டர் வேண்டாம் என்பது மாதிரி உயிர்காப்பு சிகிச்சை பற்றிய விருப்பத்துக்கு முன்கூட்டிய மருத்துவ அறிவுறுத்தல் தனிக் காகிதம். 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் எளிதாக்கியது. முன்பு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும், இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்தும் போதும். தான் பேச முடியாதபோது பேசக்கூடிய ஒன்றுக்கு மேற்பட்ட நெருங்கிய உறவினர்களின் பெயரை அதில் எழுதலாம். நகல் குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும். வீட்டு பீரோவில் மட்டும் இருந்தால் நடுராத்திரி எமர்ஜென்சியில் யாருக்கும் தெரியாது.

மேடவாக்கம்_ரவுண்டானா
இரண்டு அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே பவரில் எழுதிக் கொடுக்கலாமா? முகவராக இரண்டு பேரைப் போடலாமா?

பத்திர_எழுத்தர்
எழுதலாம். ஆனால் கொடுத்தவர்களில் ஒருவர் இறந்தால் அவர் பங்குக்குப் பவர் முடிந்துவிடும். பத்திரம் ஒன்றாக இருப்பதால் சார்பதிவாளர் மொத்தத்தையும் நிறுத்தி வைப்பார். ஆளுக்கொரு பவர் நல்லது. முகவர் இருவர் என்றால் "கூட்டாகவும் தனித்தனியாகவும்" என்று எழுதுவதா, "கூட்டாக மட்டும்" என்று எழுதுவதா என்பதுதான் முக்கியம். எழுதாமல் விட்டால் இருவர் கையெழுத்தும் கேட்பார்கள். சின்ன வேலைக்குத் தனித்தனியாகவும், விற்பனைக்குக் கூட்டாக மட்டும் என்றும் பிரித்து எழுதுவதே என் வழக்கம்.

பவர் வழியாகக் கிரயம் செய்யும் நாளில் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற மருத்துவர் சான்று கேட்பார்கள். பதிவுக்கு நெருக்கத்தில் வாங்கியதாக இருக்க வேண்டும், பழையதை ஏற்க மாட்டார்கள். செத்தவர் பவரில் நடந்த கிரயங்களால் வந்த ஏற்பாடு இது.

கணக்குப்பிள்ளை
கோர்ட் வழக்குக்கு ஒரு வரி: முகவர் மனுப் போடலாம், ஆஜராகலாம். கொடுத்தவருக்கு மட்டுமே தெரிந்த விஷயத்தைப் பற்றி அவருக்குப் பதிலாகக் கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாது. ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்பாவின் பண விவகாரத்துக்கு மகனை நிறுத்தி வழக்கில் தோற்பது இதனால்தான். உயிலையும் முகவர் எழுதிக்கொடுக்க முடியாது.

திண்ணை_73
கடைசியாக ஒன்று. கொடுத்த பவரைத் திரும்ப வாங்க வேண்டும் என்றால் முகவர் அசல் பத்திரத்தைத் தரமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பத்திர_எழுத்தர்
அசல் இல்லாமலும் ரத்து செய்யலாம். பவர் பதிவான அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் ரத்துப் பத்திரம் பதியுங்கள், பழைய ஆவண எண்ணும் வருடமும் அதில் கட்டாயம். அன்றைக்கே முகவருக்கு, வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்ட். ஒப்பந்தச் சட்டம் 208-ன்படி ரத்து, முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகுதான், வாங்குகிறவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரிந்த பிறகுதான் செல்லும். அதனால் அந்த ஊரில் விற்கும் தமிழ் நாளிதழில் ஒரு அறிவிப்பும், வங்கிக்கும் குடியிருப்பவருக்கும் கடிதமும். ஒரு வாரம் கழித்து வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ரத்து அதில் ஏறியிருக்க வேண்டும், இடையில் வேறு எதுவும் ஏறியிருக்கக் கூடாது.